பேசாத அக்காவும் பேசித் தீராத அம்மாவும்

கோத்தகிரியில் என்னோடு வளர்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், முதலில் ஒன்றை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் நம் வீடுகளெல்லாம் சரிவில் படிக்கட்டு மாதிரி அடுக்கியிருந்தன. ஒரு வீட்டின் கூரை மட்டத்தில் அடுத்த வீட்டின் வாசல் இருக்கும். கீழ் வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று மேல் வீட்டுக்காரர்களுக்கு மூக்கிலேயே தெரிந்துவிடும். மேல் வீட்டில் துணி அலசினால் கீழ் வீட்டு வாசல் நனையும். சண்டை வந்ததும் அதனால்தான், சிநேகிதம் வந்ததும் அதனால்தான். மேல் வீட்டோடு பேச வேண்டுமென்றால் கழுத்தை நிமிர்த்தி, மோவாயைத் தூக்கித்தான் பேச வேண்டும். என் அம்மா பாதி ஆயுளை அப்படிப் பேசியே கழித்தாள். கடைசியில் இது தேவைப்படும், மறந்துவிடாதீர்கள்.

நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம், எங்கள் மேல் வீடு காலியாகக் கிடந்தது. அதன் சாவி அப்பாவிடம் இருந்தது. பஜாரில் அப்பாவுக்கு மளிகைக் கடை. மேட்டுப்பாளையம் பஸ்ஸில் வந்து இறங்கிய ஒருவர், நரைத்த கிருதாவும் தோளில் சால்வையுமாக, நேரே கடைக்கு வந்து வீடு கேட்டார்.

"என் தங்கச்சிக்கு உடம்பு சரியில்ல. சுத்தமான காத்து வேணும்னு டாக்டர் சொல்லிட்டார். தங்கமான பொண்ணு. ஒரு சத்தம் இருக்காது. பேசவே கூடாதுன்னு டாக்டர் உத்தரவு."

அப்பா சாவியைக் கொடுத்துவிட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு கணக்கு உண்டு. கீழ்நாட்டிலிருந்து மலைக்கு வருகிறவர்களை நாம் இரண்டாகத்தான் பிரிப்போம். பூ பார்க்க வருகிறவர்கள் ஒரு வகை, நெஞ்சுச் சீக்கோடு வருகிறவர்கள் மற்றொரு வகை. ஐப்பசி மழையில் எவர் பூ பார்க்க வருவார்?

"ஏனுங்க, காத்து வேணுமாம், பேசக் கூடாதாம். பேசினா இருமல் வருமாட்ட இருக்குது. அதேதானுங்க," என்றாள் அம்மா. வேறு ஊர் அம்மாவாக இருந்தால் விரதமோ வேண்டுதலோ என்று நினைத்திருப்பாள். மலைக்காரி மனசில் வேறெதுவும் தோன்றவில்லை.

மறுநாள் அந்தத் தங்கை வந்து சேர்ந்தாள். நல்ல உயரம். கம்பளிச் சால்வைக்குள் கழுத்தை மூடிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் படியேறிப் போனாள். அண்ணன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். அன்று முதல் அவள் எங்களுக்கு மேல் வீட்டு அக்கா.

அம்மாவுக்குப் பயமும் உண்டு, இரக்கமும் உண்டு. இரண்டுக்கும் சேர்த்து அவள் கண்டுபிடித்த வழி ஒரு குவளை. நீல விளிம்பு போட்ட வெள்ளை எனாமல் குவளை, ஒரு பக்கம் எனாமல் உதிர்ந்து கறுப்பாக ஒரு பொட்டு. காலையில் அதில் காப்பி ஊற்றி என்னிடம் கொடுப்பாள். நான் படியேறிப் போய் அக்கா வீட்டுச் சுவர் மேல் வைத்துவிட்டு, பின்னால் நகர்ந்து நிற்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் போகக் கூடாது. குவளை திரும்பி வந்ததும் அம்மா அதை வெளியடுப்பில் கொதிக்கிற வெந்நீரில் போடுவாள். பிறகு அது சமையலறை ஜன்னலின் வெளிமாடத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும். வீட்டில் வேறு யாரும் அதைத் தொட மாட்டோம்.

அக்கா சுவரருகே வந்து குவளையை எடுத்து, ஒரு வாய் குடித்துவிட்டு, என்னைப் பார்ப்பாள். நன்றி என்று கை காட்டுவாள். அது எல்லோரும் செய்வதுதான். ஆனால் அவள் அதோடு நிறுத்த மாட்டாள். சக்கரை கம்மி என்றால் ஒரு முகம், காப்பி ஆறிவிட்டது என்றால் ஒரு முகம், உங்கள் வீட்டில் இன்றைக்குக் கருவாடு வறுக்கிறார்கள் என்றால் மூக்கு மட்டும் ஒரு வேலை செய்யும். எனக்கு எல்லாம் புரிந்தது. குழந்தைகளுக்கு இதற்கெல்லாம் அகராதி தேவையில்லை.

ஒரு நாள் பாதையில் தபால்காரர் குடையோடு போய்க்கொண்டிருந்தார். காற்று குடையை இழுக்க, அவர் பின்னால் சாய்ந்து சாய்ந்து நடந்தார். அக்கா கையில் குடை இல்லாமலே, காற்றும் இல்லாமலே, அப்படியே நடந்து காட்டினாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அதற்கப்புறம் அம்மாவின் எல்லைக்கோடு எனக்கு நினைவிலேயே இல்லை.

பஜாருக்குப் போகும்போது என்னைக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தாள். ஊரில் அவளுக்கு வாய் நான்தான். பேரிக்காயைக் கையில் எடுத்துப் புருவத்தைச் சுருக்குவாள். நான், "உள்ள புழு இருக்குமான்னு அக்கா கேக்கறாங்க" என்பேன். கடைக்காரர் என்னிடம் பதில் சொல்லாமல் அக்காவிடம் சத்தம் போட்டுச் சொல்வார். பேசாதவர்களுக்குக் காதும் கேட்காது என்பது ஊரின் நம்பிக்கை. அக்காவும் பாவம், காது கேட்காதவள் மாதிரியே தலையைச் சாய்த்துக் கேட்டு அவரைத் திருப்திப்படுத்துவாள். திரும்பும் வழியில் பேக்கரி வாசலில், "அக்காவுக்கு வர்க்கி வேணுமாம்" என்று நானாகவே சொல்லுவேன். அவள் ஒரு புருவத்தை மட்டும் தூக்கி என்னைப் பார்ப்பாள். பிறகு வாங்கித் தருவாள். சூடான வர்க்கியும் மழையும் ஈரக் கம்பளி வாசனையும், தேயிலை ஃபேக்டரியிலிருந்து வரும் இலை வதங்கும் மணமும் சேர்ந்து வருமே, அது எனக்கு இன்றைக்கும் அந்த அக்காதான்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் மேகம் இறங்கி ஊரை மூடியிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் பையோடு நேரே மேல் வீட்டுச் சுவரண்டை போய்விட்டேன். அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சால்வையைத் தோளிலிருந்து வேறு மாதிரி போட்டிருந்தாள். யாரோ எதிரில் இருப்பதுபோல் பார்த்தாள். அந்த யாரோ ஏதோ சொல்ல, கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது. இரண்டடி முன்னால் வந்து வலது கையை உயர்த்தினாள். வாய் திறக்கவில்லை. ஆனால் என்னமோ பெரிதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

என்னைத் தேடிக்கொண்டு வந்த அம்மா பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. திட்டு விழும் என்று திரும்பினால், அம்மா என் தோளைப் பிடித்து, "நீ சித்தெ பேசாம இரு கண்ணு" என்றாள். கடைசிவரை பார்த்தாள். என் அம்மா அவ்வளவு நேரம் வாய் மூடி நின்று நான் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் அப்பா கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

"ஏனுங்க, அது சீக்காளியில்லீங்க. ராணிங்க."

"என்னது?"

"எனக்குக் கல்யாணம் ஆறதுக்கு முந்தின வருஷம் எங்கூரு நோம்பிக்கு நாடகம் போட்டாங்கொ. இதேதான் ராணி. புருசனக் கொன்னுபோட்டாங்கன்னு சபையில வந்து நின்னு கேப்பாளுங்க. நாங்க பொம்பளைக கடைசியில, கோயல் அரசமரத்துக்கிட்ட உக்காந்திருந்தோம். அங்க வரைக்கும் கணீர்னு கேட்டுதுங்க. மைக்குங் கெடையாது, ஒண்ணுங் கெடையாது."

அடுத்த முறை அண்ணன் வந்தபோது அப்பா நேராகவே கேட்டுவிட்டார். அவர் அக்காவின் அண்ணனே இல்லை, அவளுடைய நாடகக் குழு மேனேஜர். தலையைக் குனிந்துகொண்டு எல்லாம் சொன்னார். வருஷக்கணக்காக மேளத்துக்கும் கூட்டத்துக்கும் மேலே குரலை எழுப்பியதில் தொண்டை புண்ணாகிவிட்டது. மார்கழி வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. பேசாமல் இருந்தால் ஒருவேளை குரல் திரும்பும். தையில் குழு கோயமுத்தூரில் கொட்டகை போடுகிறது. அதற்குள் திரும்பாவிட்டால் ராணி வேஷம் வேறொரு பெண்ணுக்குப் போய்விடும்.

"அந்தப் பொண்ணுக்கு இப்பவே பாடம் ஏத்திக்கிட்டிருக்கோம். என்ன செய்யறது, கொட்டகை நிக்கக் கூடாதே. இதுக்கு நாடகத்தை விட்டா எதுவும் தெரியாதுங்க."

"முன்னயே சொல்லியிருக்கலாமே," என்றார் அப்பா.

"நாடகக்காரின்னு சொல்லியிருந்தா வீடு குடுத்திருப்பீங்களா?"

அப்பா கொடுத்திருக்க மாட்டார் என்று அம்மா பிற்பாடு பல தடவை சொல்லிக் காட்டியிருக்கிறாள். மேனேஜர் மறைத்தது ஒன்று, எங்கள் வீடு நினைத்துக்கொண்டது வேறொன்று. நடுவில் அந்தக் குவளை மட்டும் வெந்நீரில் கொதித்துக் கொதித்து இன்னும் கொஞ்சம் எனாமலை உதிர்த்துவிட்டது.

மறுநாள் காலை அம்மா நல்ல பித்தளை டம்ளரில் காப்பி ஊற்றித் தானே எடுத்துக்கொண்டு போனாள். அக்காவை வலுக்கட்டாயமாக எங்கள் சமையலறைக்கு அழைத்துவந்தாள். வந்த அக்கா என்ன செய்தாள் தெரியுமா? ஜன்னல் மாடத்துக்குப் போய் அந்த நீல விளிம்புக் குவளையை எடுத்து, டம்ளர் காப்பியை அதில் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மா முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அதற்கப்புறம் என் அம்மாவுக்குத் திருவிழாதான். குறுக்கே பேசாத ஓர் ஆள் அவளுக்குக் கிடைத்துவிட்டாள். காலையில் வாசலில் நின்று மோவாயைத் தூக்கி மேல் வீட்டைப் பார்த்து ஆரம்பித்தாளென்றால், அப்பாவின் கஞ்சத்தனம், நாத்தனார் புத்தி, நனைந்த விறகு, என் கணக்குப் பரீட்சை எல்லாம் வரிசையாக மேலே ஏறிப் போகும். அக்காவை "ஏனுங்க" என்று அழைத்தது "அம்மணி" ஆயிற்று. அக்கா சுவரில் சாய்ந்து, கையில் குவளையோடு கேட்டுக்கொண்டிருப்பாள்.

"பாவம், காதுல ரத்தம் வந்துரப் போகுது அந்தப் புள்ளைக்கு," என்பார் அப்பா.

"அது ரசிச்சுக் கேக்குதுங்க. உங்களாட்டவா?"

அக்கா அம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அப்போது நினைத்தேன். அவள் அம்மாவின் கழுத்தை, கையை, மூச்சு வாங்குகிற இடத்தை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

நான் நனைந்து வருகிற நாட்களில் அம்மாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எங்கே போனாய், குடை எங்கே என்று உடனே கேட்க மாட்டாள். "வாசல்ல நிக்காத. வா, வந்து அடுப்புக்கிட்ட உக்காரு. பேசறதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம்" என்பாள். தலையைத் துவட்டி, சீகைமர விறகை அடுப்புக்குள் தள்ளிவிட்டு, ஏதாவது குடிக்கக் கொடுத்து, உடம்பு காய்ந்த பிறகுதான் திட்டுவாள். திட்டு நிச்சயம் உண்டு, ஆனால் காய்ந்த பிறகுதான்.

மார்கழி பிறந்ததும் மேனேஜர் வந்து அக்காவைக் கோயமுத்தூர் டாக்டரிடம் அழைத்துப்போனார். அன்றைக்குத்தான் வாய் திறந்து பார்க்க வேண்டிய நாள். அம்மா மாரியம்மனுக்கு விளக்குப் போட்டாள். எனக்கு வகுப்பில் எதுவும் ஏறவில்லை. அக்காவின் குரல் எப்படி இருக்கும் என்று நான் ரகசியமாக ஒன்றைக் கற்பனை செய்து வைத்திருந்தேன், கோயில் மணி மாதிரி.

சாயங்காலம் காலம் தப்பிய மழை கொட்டிக்கொண்டிருந்தது. மேட்டுப்பாளையம் பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. அக்கா தனியாக வந்தாள், குடையில்லாமல். மேல் வீட்டுக்குப் போகாமல் எங்கள் வாசலில் வந்து நின்றாள். சால்வையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கை எதுவும் சொல்லவில்லை, முகமும் எதுவும் சொல்லவில்லை. அவ்வளவு நாளும் அவளை எழுத்துக்கூட்டாமல் படித்த எனக்கு அன்று ஒன்றும் விளங்கவில்லை. பயமாக இருந்தது.

அம்மா வெளியே போய் அவள் கையைப் பிடித்தாள்.

"வாசல்ல நிக்காத அம்மணி. வா, வந்து அடுப்புக்கிட்ட உக்காரு. பேசறதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம்."

பேச முடியாதவளிடம் போய் அப்படிச் சொல்கிறாளே என்று எனக்குத் தோன்றியது. அம்மாவுக்கு அதெல்லாம் தோன்றவில்லை. அக்காவை அடுப்பருகே உட்கார வைத்துத் தலையைத் துவட்டினாள். குவளையில் டீ கொடுத்தாள். அக்கா குனிந்து அழுதாள். சத்தமில்லாமல் அழுது முடித்து, ஒரு வாய் குடித்து, நிமிர்ந்தாள்.

"சக்கரை பத்தலைங்க," என்றாள்.

அது கோயில் மணி இல்லை. தடித்த, உடைந்த, பாதிக்குக் காற்று கலந்த குரல். விறகு உரசுகிற மாதிரி இருந்தது. அம்மா சக்கரை டப்பாவை எடுக்கப் போய் அப்படியே நின்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். டாக்டர் சொன்னது இதுதான்: குரல் இவ்வளவுதான், இதற்கு மேல் எழும்பாது. மேனேஜர் அங்கேயே கையைப் பிடித்துக்கொண்டு, வேஷத்தை அந்தப் பெண்ணுக்கே கொடுத்துவிடப் போவதாகச் சொல்லிவிட்டார்.

"இனிமே கடைசி வரிசைக்குக் கேக்காதும்மா," என்றாள் அக்கா.

"போச்சாது போ. அடுப்புக்கிட்ட இருக்கறவிங்களுக்குக் கேட்டாப் போதும்," என்றாள் அம்மா.

ஆறுதலுக்குச் சொன்னதுதான். ஆனால் அக்கா ரொம்ப நேரம் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு தை வரை அவள் அளவாகப் பேசினாள், அம்மா அளவில்லாமல் கேட்டாள். முதன்முதலாக எங்கள் சமையலறையில் அம்மா கேட்கிற பக்கம் இருந்தாள். நாடகக் குழுவுக்குச் சமைக்க வந்த தாயோடு இவளும் குழந்தையாக வந்தவளாம். படிப்பு கிடையாது, வசனமெல்லாம் காதால் ஏற்றியது. முதலில் பாலகன் வேஷம், பிறகு தோழி. ஒரு நாள் ராணிக்குக் காய்ச்சல் வந்து, கிரீடத்துக்குள் துணி சுற்றி இவள் தலையில் வைத்துத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து ராணிதான். அதைச் சொல்லும்போது உட்கார்ந்த வாக்கிலேயே முதுகு நிமிர்ந்துவிடும்.

உறைபனி விழ ஆரம்பித்த ஒரு காலையில் பெட்டி கட்டினாள். சென்னையில் சினிமாவில் தெரிந்தவர் இருக்கிறார், போய்ப் பார்க்கிறேன் என்றாள். எல்லாம் வண்டியில் ஏற்றியானதும் எங்கள் ஜன்னல் மாடத்துக்கு வந்து நின்றாள்.

"இந்தக் குவளையை நான் எடுத்துக்கட்டுமா? இந்த ஊர்ல எனக்குன்னு தனியா இருந்தது இதுதான்."

அம்மாவுக்குக் காது மடல்வரை சிவந்துவிட்டது. அக்காவுக்கு அது எதற்காகத் தனியாக வைத்த குவளை என்று தெரிந்திருந்ததா? தெரிந்திருந்தது என்றுதான் இப்போது நினைக்கிறேன். எதிராளியின் விரல் அசைவைக்கூட விடாமல் பார்ப்பவள், கொதிக்கிற வெந்நீரைப் பார்க்காமலா இருந்திருப்பாள்? தெரிந்தே அதைச் சொந்தமாக்கிக்கொண்டு போனாள். அம்மா அதைப் புளி போட்டுத் துலக்கி, துணியில் சுற்றிக் கொடுத்தாள். அந்த மாடம் ரொம்ப நாள் காலியாக இருந்தது.

சினிமாவில் மைக் வாய்க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே உடைந்த குரல் ஒரு குறையாகவே தெரியவில்லை. சின்னச் சின்னதாக வந்தாள். காய்கறிக்காரி, வார்டன், மாமியார். ராணி வேஷம் மட்டும் அதற்கப்புறம் அவளுக்கு வரவே இல்லை. நான் பெரியவளான பிறகு அவள் அம்மாவாக நடித்த படம் ஒன்று நம் ஊர் டாக்கீஸுக்கு வந்தது. மூன்று பேரும் போனோம்.

வீட்டை விட்டு ஓடிப்போன மகள் திரும்பி வந்து மழையில் வாசலில் நிற்கிறாள். கொட்டகையே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது, தாய்க்காரி இப்போது நெஞ்சிலடித்துக்கொண்டு ஒரு பக்க வசனம் பேசப் போகிறாள் என்று. அக்கா மோவாயைத் தூக்கினாள். மகள் சமதரையில் எதிரில்தான் நிற்கிறாள், ஆனாலும் மேல் வீட்டைப் பார்க்கிற மாதிரி தூக்கினாள். ஒரு மூச்சு விட்டு, மெதுவாகச் சொன்னாள்.

"வாசல்ல நிக்காத. வா, வந்து அடுப்புக்கிட்ட உக்காரு. பேசறதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம்."

பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அம்மா அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏனுங்க, அது நானுங்க."

"தெரியுது, சித்தெ மெல்லப் பேசு. கொட்டகைக்கே கேக்குது," என்றார் அப்பா. அவர் குரலும் சரியாக இல்லை.

அந்த மோவாய் தூக்கலைப் பற்றிப் பத்திரிகையில் யாரோ எழுதியிருந்தார்கள், தெய்வத்திடம் முறையிடும் பாவனை என்று. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ஒரு வாரம் சிரித்தாள். அதற்கப்புறம் கொஞ்ச நாள், திட்ட வாயெடுக்கும்போதெல்லாம் யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு தடவை மேலே பார்த்துக்கொண்டாள்.

அம்மா போய் வருஷங்கள் ஆகிவிட்டன. அவளுடைய போட்டோ இருக்கிறது, ஸ்வெட்டர் இருக்கிறது. குரல் எதிலும் இல்லை. நம் வயசுக்காரர்கள் பலருக்கும் இதே கதைதான் என்று நினைக்கிறேன். வாழ்நாளெல்லாம் பேசிக்கொண்டே இருந்தவள், பேச்சு எங்கே போய்விடப் போகிறது என்று நாம் யாரும் பிடித்து வைக்கவில்லை.

போன வாரம் திருப்பூரிலிருந்து என் மகன் அந்தப் படத்தைத் தேடிப் பிடித்து போனில் அனுப்பியிருந்தான். "அம்மிச்சி பேசற மாதிரியே இருக்குதும்மா" என்று ஒரு வரியும் எழுதியிருந்தான். அம்மிச்சி என்றால் அவனுக்கு என் அம்மா. வெளியே மழை. கடைக்குப் போய் நனைந்து வந்தவள் கதவுகூடச் சாத்தாமல், வாசலில் நின்றபடியே அந்த வசனம் வரும் இடத்துக்குப் படத்தை நகர்த்திப் போட்டுப் பார்த்தேன். இந்தத் தடவை கவனித்தேன், அக்காவின் கையில் ஒரு குவளை இருந்தது. கறுப்பு வெள்ளைப் படம், விளிம்பு என்ன நிறம் என்று தெரியவில்லை. ஒரு பக்கம் கறுப்பாகப் பொட்டு தெரிந்தது. அவள் மோவாயைத் தூக்கினாள், மூச்சு விட்டாள், சொன்னாள்.

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அம்மா சொன்னபடி உள்ளே போய் அடுப்புக்கிட்ட உட்கார்ந்தேன்.